சதுரங்கத்துக்குச் சங்கம் கண்ட சென்னை

பழைய நாட்டுச் சதுரங்கத்தில் அரசன் ஆட்டத்துக்கு ஒரு தடவை குதிரையைப் போலப் பாயலாம். அதுவரை அவனுக்குச் செக் விழுந்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டந்தான் போகும். எதிர்க்கரை தொட்ட காலாள் என்னவாக மாறும் என்பது, அது எந்த நிரையில் போய் ஏறியது என்பதைப் பொறுத்தது. இந்த வழக்கங்களும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. திண்ணையில் இருவர் இருந்து விளையாடுகையில் இதனால் ஒரு குறையும் இல்லை. தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள். வெவ்வேறு ஊர்க்காரர் இருவரை ஒரே பலகையில் இருத்தி, வென்றவர் யார் என்று நாடறியச் சொல்ல வேண்டிய நாளில்தான் சிக்கல் வரும். விதியை எழுதிவைக்க ஆள் வேண்டும். பிணக்கு வந்தால் தீர்த்துவைக்க ஆள் வேண்டும். முடிவைப் பதிந்து பத்திரிகைக்கு அனுப்பவும் ஆள் வேண்டும். சங்கத்தின் தேவை அங்கேதான் பிறக்கிறது.

உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே 1924 ஜூலை 20இல் பாரிஸ் நகரில் தொடங்கப்பட்டது. இந்தியா அந்த நிலைக்கு வர மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 1947இல் மெட்ராஸ் செஸ் கிளப் உருவாகிறது. இன்றைய தமிழ்நாடு மாநிலச் சதுரங்கக் கழகத்தின் வேர் அது. 1951இல் அகில இந்தியச் சதுரங்கச் சம்மேளனம் பிறக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1955இல், ஆந்திரத்தின் ஏலூரில் முதலாவது தேசியச் சுற்றுப்போட்டி நடந்தது. மராட்டியத்தின் ராமச்சந்திர சாப்ரேயும் ஆந்திரத்தின் டி. வெங்கய்யாவும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே மொஸ்கோவில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டுக்கு இந்திய அணி முதன்முறையாகப் போனது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சென்னையின் உலக சம்பியன் விஸ்வநாதன் ஆனந்தில் தொடங்கி, அதே ஊர் குகேஷில் முடித்துவிடுகிறார்கள். வீரர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது. இத்தனை பேர் ஏன் ஒரே நகரிலிருந்து வந்தார்கள்? அதற்கு விடை தேட, பலகைக்கு முன்னால் இருந்தவர்களோடு மேசை கதிரை பிடித்துப் போட்டவர்களையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டு வேலையையும் ஒருவரே செய்த ஆள் மானுவல் ஆரோன்.

ஆரோன் 1935இல் பர்மாவின் தௌங்கூவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959 முதல் 1981 வரையான காலத்தில் ஒன்பது தடவை தேசிய சம்பியன். 1960இல் லைப்சிக் ஒலிம்பியாட்டில் முன்னாள் உலக சம்பியன் மக்ஸ் யூவேயைத் தோற்கடித்தார். 1961இல் இந்தியாவின் முதலாவது இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1962இல், உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான ஸ்டொக்ஹோம் இன்டர்சோனல் போட்டியில் கடைசி இடத்துக்கு வந்தபோதும், உலகத்தின் முன்னணி வீரர்களான போர்ட்டிஷையும் ஊல்மானையும் வென்றுவிட்டுத்தான் திரும்பினார். சதுரங்கத்துக்கான முதல் அர்ஜுனா விருதும் அவருக்கே கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். அடுத்த இன்டர்நேஷனல் மாஸ்டர் எப்போது வந்தார்? 1978இல். பரமக்குடியைச் சேர்ந்த வி. ரவிக்குமார் அந்த ஆண்டு தெஹ்ரானில் ஆசிய இளையோர் சம்பியன் பட்டம் வென்று அந்தத் தகுதியைப் பெற்றார். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையில் பதினேழு ஆண்டுகள். ஒரு பெரிய வீரர் தோன்றிவிட்டால் அவரைப் பார்த்து மற்றவர்கள் தானாக வளர்ந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு இந்தப் பதினேழு ஆண்டுகளே பதில். புத்தகம் கிடையாது, கடிகாரம் கிடையாது, பயிற்சிக்குச் சரியான எதிராளி கிடையாது. வெளிநாடு போக அந்நியச் செலாவணிக்கு அனுமதி வேண்டும். சர்வதேச விதிகளைப் பழகாதவர்களும் அப்போது நாட்டில் ஏராளம்.

1972இல் ஆரோன் ஒரு வேலை செய்தார். சென்னையில் சோவியத் பண்பாட்டு நிலையம் இருந்தது. அங்கே மிகயில் தால் செஸ் கிளப் என்ற பெயரில் ஒரு கழகத்தைத் தொடங்கினார். லத்வியாவில் பிறந்த தால் 1960இல் உலக சம்பியனானவர்; துணிந்து காய்களைப் பலிகொடுத்து விளையாடும் அவர் ஆட்டத்துக்கு உலகமெங்கும் ரசிகர்கள். சோவியத் ஒன்றியமோ சதுரங்கத்தைத் தன் பெருமைகளில் ஒன்றாக வெளிநாடுகளில் காட்ட விரும்பிய அரசு. இடம் அவர்களுடையது, காய்களும் கடிகாரங்களும் ரஷ்யப் புத்தகங்களும் அவர்கள் வழியே வந்தன. கழகத்தை நடத்தும் பொறுப்பு சென்னைக்காரருடையது. கையில் காசில்லாத ஒரு விளையாட்டுக்கு, அதைப் பரப்புவதில் அக்கறை உள்ள ஒரு தரப்பைச் சரியாகக் கண்டுபிடித்தது ஆரோனின் சாமர்த்தியம்.

அந்த அறையில் மாலை வேளைகளில் நடந்தது என்ன என்பதை ஆனந்த் பல தடவை சொல்லியிருக்கிறார். மின்னல் ஆட்டம்தான் அங்கே பிரதானம்; ஒருவருக்கு ஐந்து நிமிடம். வென்றவர் இருந்த இடத்தில் இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஆள் கூடக்கூட வரிசை நீளும். மறுபடி பலகைக்கு வர எவ்வளவு நேரமோ. நின்று காத்திருக்க விருப்பமில்லாத சிறுவனுக்கு ஒரே வழி, தோற்காமலிருப்பது. உலகமே வியந்த ஆனந்தின் வேகம் இந்த வரிசையில் பழகியது. அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனவர், ஆட்டத்தை முதலில் சொல்லிக்கொடுத்த தாயார் சுசீலா.

அறை ஒரு பாதி வேலை. மறு பாதி அச்சு. அதே 1972 தொடக்கம் ஏறத்தாழ முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆரோன் ‘தி இந்து’ நாளிதழில் சதுரங்கம் எழுதினார். 1983இல் ‘செஸ் மேட்’ என்ற மாத இதழையும் தொடங்கினார். தமிழ்நாட்டுச் சங்கத்திலும் தேசியச் சம்மேளனத்திலும் நிர்வாகப் பொறுப்புகளில் இருந்துகொண்டே இந்த எழுத்து வேலையையும் செய்தார். கிரிக்கெட் போட்டியைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்கு வருவார்கள், பத்திரிகைக்காரரும் வருவார். சதுரங்கப் போட்டி நடக்கும் மண்டபத்தில் சத்தமே இருக்காது, பார்வையாளரும் அதிகம் இருக்க மாட்டார்கள். முடிவை எழுதிக்கொண்டு போய்ப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுக்க ஆளில்லையென்றால் அந்தப் போட்டி ஊருக்கு நடந்ததாகவே இராது. எட்டாவது சுற்றில் யார் யாரை வென்றார், அரைப் புள்ளி யாருக்குக் கிடைத்தது என்று பொடி எழுத்தில் வரும் அந்த நான்கு வரியில் பிள்ளையின் பெயர் இருந்தால், பாடசாலை அதிபர் அதை வெட்டி அறிவித்தல் பலகையில் ஒட்டுவார். பெற்றோர் அடுத்த போட்டிக்கும் அனுப்புவார்கள். சதுரங்கத்துக்கு இதைவிட நம்பகமான விளம்பரம் இன்றைக்கும் கிடையாது.

விளம்பரத்தின் வலிமையை ஆனந்தின் குடும்பம் இன்னொரு நாட்டிலும் கண்டது. தந்தையாரின் வேலை நிமித்தம் எழுபதுகளின் இறுதியில் அவர்கள் மணிலாவில் இருந்தார்கள். கார்ப்போவும் கொர்ச்னோயும் உலகப் பட்டத்துக்காக 1978இல் மோதியது பிலிப்பைன்ஸின் பாகியோவில்தான். அந்நாட்டுச் சதுரங்கத் தலைவர் கம்போமனெஸ் 1982இல் ஃபிடேயின் தலைவராகவே ஆனார். சதுரங்கச் சூடு பரவிய அந்நாளில் மணிலாத் தொலைக்காட்சியில் பகலில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி போனது. முடிவில் ஒரு புதிர் தருவார்கள். விடை எழுதி அனுப்பியவருக்குப் புத்தகம் பரிசு. ஆனந்த் பாடசாலையில் இருக்கும் நேரம் தாயார் புதிரைக் குறித்துவைப்பார். மாலையில் இருவருமாக விடுவிப்பார்கள். பரிசு அவர்களுக்கே போய்க்கொண்டிருந்ததால், கடைசியில் நிலையத்தார் சிறுவனை அழைத்து, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம்.

எல்லாக் கதவுகளும் இப்படித் தானாகத் திறக்கவில்லை. பெண்களுக்கான தேசியப் போட்டி 1974இல்தான் பெங்களூரில் தொடங்கியது. கடில்கர் சகோதரிகளில் வசந்தி முதலாவது பட்டத்தை வென்றார். 1976இல் அவருடைய தங்கை ரோகிணி, பதின்மூன்று வயதில், ஆண்கள் விளையாடும் தேசியப் போட்டியில் இறங்கியபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. விடயம் உயர் நீதிமன்றம் வரை போய் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அப்போது ஃபிடேயின் தலைவராக இருந்தவர் மக்ஸ் யூவே. பெண் என்ற காரணத்துக்காக யாரையும் தேசிய, சர்வதேசப் போட்டிகளிலிருந்து தடுக்கக் கூடாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். சென்னையின் எஸ். விஜயலட்சுமி 2001இல் ‘வுமன் கிராண்ட் மாஸ்டர்’ பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனது இந்த வழி திறந்த பின்னர்தான்.

அடுத்த தடை பட்டம். கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை வீட்டிலிருந்து படித்து வாங்க முடியாது. பட்டம் பெற்ற வெளிநாட்டு வீரர்கள் கலந்துகொள்ளும் போட்டிகளில் குறித்த அளவு புள்ளி எடுக்க வேண்டும். அதை நோர்ம் என்பார்கள். விண்ணப்பத்தை அனுப்புவதும் வீரர் அல்ல, அவருடைய நாட்டுச் சம்மேளனம். ஆகவே எவ்வளவு திறமை இருந்தாலும் வீரர் வெளிநாடு போக வேண்டும், அல்லது வெளிநாட்டு வீரர்கள் வீட்டுக்கு வர வேண்டும். முதலாவதற்குக் குடும்பத்தின் காசு கரையும். இரண்டாவதற்குச் சங்கம் அனுசரணையாளரைத் தேட வேண்டும். சக்தி ஃபைனான்ஸ் நிறுவனத்தின் அனுசரணையில் கோயம்புத்தூரில் நடந்த சர்வதேசப் போட்டியில்தான் ஆனந்த் தன் கடைசித் தேவையை நிறைவுசெய்து, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். உலக இளையோர் பட்டத்தை வென்று ஓராண்டு ஆகவில்லை. பட்டம் வாங்க அவர் ஐரோப்பாவுக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. கொங்கு நாட்டிலேயே அது முடிந்தது. 2024 நடுப்பகுதியில் இந்தியாவின் கிராண்ட் மாஸ்டர்கள் எண்பத்தைந்து பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டவர்.

இதே ஆண்டுகளை, போர் நடந்த வட இலங்கையின் வன்னி நாட்காட்டியில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆனந்த் இன்டர்நேஷனல் மாஸ்டரான 1984இல்தான் கிளிநொச்சி யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அவர் கிராண்ட் மாஸ்டரானபோது வன்னியின் வீதிகளில் இந்திய அமைதிப்படை நின்றது. தொண்ணூறுகளில் சென்னைப் பிள்ளைகள் போட்டி போட்டியாக ஏறி இறங்கியபோது, வன்னியில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. 2008 ஒக்டோபரில் ஆனந்த் ஜேர்மனியின் பொன் நகரில் கிராம்னிக்கை வென்று உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்திய மாதம் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியிருந்தன. சனம் மூட்டை முடிச்சோடு கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. சதுரங்கத்துக்கு மைதானமும் வேண்டாம், மின்விளக்கும் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் பத்து ஆண்டுகள் திறந்திருக்கும் ஓர் அறை வேண்டும். அது வன்னிக்கு வாய்க்கவில்லை.

சென்னையில் அரசே களத்தில் இறங்கியது பிந்திய கதை. 2012 உலகப் பட்டப் போட்டியைக் கேட்டுச் சென்னை விண்ணப்பித்தது. மொஸ்கோ கூடுதல் தொகை சொல்லி எடுத்துக்கொண்டது. முதலமைச்சர் ஜெயலலிதா விடவில்லை. 29 கோடி ரூபா ஒதுக்கி 2013 போட்டியைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். நவம்பரில் ஹயாத் ரீஜன்சி விடுதியில் ஆனந்த் சொந்த ஊரில் மக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். ஆட்டங்கள் தொலைக்காட்சியில் நேரடியாகப் போயின. தோல்வியால் ஆட்டத்தின் மவுசு குறையவில்லை, கூடியது. அந்த நவம்பரில் குகேஷுக்கு ஏழு வயது; அந்தப் போட்டியைப் பார்வையாளராகப் போய்ப் பார்த்ததைப் பின்னர் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

2022 அதைவிடப் பெரிது. உக்ரைன் மீதான படையெடுப்போடு ஒலிம்பியாட் ரஷ்யாவின் கையைவிட்டுப் போனது. மார்ச் நடுவில் சென்னைக்கு உறுதியானது. ஜூலை 28இல் தொடக்க விழா. வழமையாக ஆண்டுக்கணக்கில் செய்யும் ஆயத்தத்துக்குக் கிடைத்தது நான்கு மாதம். அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினின் அரசு சுமார் 92 கோடி ரூபா ஒதுக்கியது. நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டமாக மாறியது. வேட்டி சட்டையோடு கைகூப்பி நிற்கும் குதிரைக்குத் ‘தம்பி’ என்று பெயர் வைத்தார்கள். ஆவின் பால் பைகளிலும் ஒலிம்பியாட் முத்திரை வந்தது. டெல்லியில் ஜூன் 19இல் ஏற்றிய சுடர் 75 நகரங்களைச் சுற்றி வந்தது. மன்னார்குடிக்கு அருகே திருப்பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருப்பதை, தொடக்க விழாவில் பிரதமர் மோடியும் குறிப்பிட்டார். போட்டி நடந்த, சென்னைக்கு அருகேயுள்ள மாமல்லபுரத்தில் 180க்கும் மேற்பட்ட அணிகள் பொதுப் பிரிவில் விளையாடின. இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலம் வென்றது. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார்.

பாலத்துக்கு அடித்த வண்ணத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பால் பைவரை போனதால் சதுரங்கம் சமையலறைக்கும் போனது. ஆயினும் நான்கு மாதத்தில் இத்தனை பெரிய போட்டியை நடத்த முடிந்ததற்குக் காரணம் வண்ணம் அல்ல. ஐம்பது ஆண்டாகப் பழகிய மத்தியஸ்தர்களும், போட்டி நடத்தத் தெரிந்த மாவட்டச் செயலாளர்களும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பணம் அவர்களைத் தேடி வந்தது. அவர்களைப் பணம் உருவாக்கவில்லை.

இலங்கைக்கு அந்த ஜூலை மறக்க முடியாதது. எரிபொருள் வரிசையில் நாடு நின்றது. ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். ஆசியக் கிண்ணக் கிரிக்கெட்டை இங்கே நடத்த முடியாதென்று ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மாற்றும் அறிவிப்பு ஜூலை 27இல் வந்தது. மறுநாள் பாக்குநீரிணைக்கு அப்பால் தொடங்கிய ஒலிம்பியாட்டில் இலங்கை அணிகளும் பங்குகொண்டன.

சங்கத்தின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். அங்கீகரிக்கும் அதிகாரம் கையில் இருந்தால் விலக்கிவைக்கும் அதிகாரமும் கூடவே வருகிறது. இந்தியச் சம்மேளனம், தன் அனுமதியில்லாத போட்டிகளில் விளையாடிய வீரர்களைத் தடைசெய்தது. சிலருடைய தரப்புள்ளிகள் உலகப் பட்டியலிலிருந்தே நீங்கின. வீரர்கள் முறையிட்டார்கள். 2018 ஜூலையில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம், சம்மேளனம் தன் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகத் தீர்த்து, சுமார் ஏழு இலட்சம் ரூபா அபராதம் விதித்தது. விதியை ஒருமுகப்படுத்தப் பிறந்த அமைப்பு, வேறொருவர் போட்டி நடத்துவதையே குற்றமாக்கியது கண்டிக்க வேண்டியது. பின்னர் 2020 அளவில் தலைவர் தரப்பும் செயலாளர் தரப்பும் இரண்டாகப் பிரிந்து வழக்காடின. நெடுங்காலம் சென்னை நேரு விளையாட்டரங்கில் இருந்த தலைமைச் செயலகம் அந்தக் காலகட்டத்தின் பின் டெல்லிக்குப் போய்விட்டது.

வன்னிப் பிள்ளைகளுக்கு இன்று பாடசாலை வழியே ஒரு பாதை இருக்கிறது. வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று கல்வி அமைச்சின் போட்டிகளில் சதுரங்கமும் ஒன்று. சான்றிதழ் கிடைக்கும்; உலகப் பட்டியலில் பெயர் வர அது போதாது. ஃபிடேயின் முதல் தரப்புள்ளியைப் பெற, ஏற்கெனவே தரப்புள்ளி உள்ள ஐந்து பேரையாவது ஒரு பிள்ளை எதிர்கொண்டிருக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து பட்டியலின் அடித்தளமும் 1000இலிருந்து 1400க்கு உயர்ந்துவிட்டது. தரப்புள்ளி உள்ளவர்களைத் தேடித் தெற்கே போக, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள பிள்ளைக்கு யாழ்தேவி ரயில் இருக்கிறது. முல்லைத்தீவுக்கு ரயிலே இல்லை. பிள்ளையோடு ஒருவர் கூடப்போக வேண்டும், தங்க இடம் வேண்டும், நாட்கூலி வீடென்றால் இரண்டு மூன்று நாள் வருமானமும் போய்விடும். கோயம்புத்தூர் தீர்த்த கணக்கு இதேதான், அளவில் மட்டும் சிறியது: தரப்புள்ளி உள்ள பத்துப் பதினைந்து பேரை வடக்கே வரவழைத்து, தேசியச் சம்மேளனத்தின் ஊடாக முன்கூட்டியே பதிந்து, உரிமம் பெற்ற மத்தியஸ்தர் ஒருவரை வைத்து ஒரு வார இறுதிப் போட்டியைக் கிளிநொச்சியில் நடத்தினால், பல பிள்ளைகள் ஒரே தடவையில் அந்த ஐந்து ஆட்டங்களையும் ஆடி முடித்துவிடுவார்கள். மண்டபம் எந்தப் பாடசாலையிலும் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பி, அனுசரணையாளரின் படியேறி, திங்கட்கிழமை காலை முடிவுகளைப் பத்திரிகைக்கு அனுப்பும் ஒரு செயலாளர்தான் தேவை.